கை கழுவும் நேரத்தில் ஒரு தியானம்!

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பது வெறுமே மண்ணை வெட்டி அள்ளிக் கொட்டுகிற காரியம் அல்ல. கரிப் படுகைக்கு அடியில் பெரும் நீரூற்று ஒன்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஓயாமல் மேல் நோக்கி உந்துகிறது. அதைக் கவனியாமல் மேல் மண்ணை அகற்றினால், சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகுந்துவிடும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டேதான் கரியை எடுக்கிறார்கள்.

பூமிக்கே இந்தப் பாதுகாப்பு தேவையென்றால், பிறர் வேதனையின் நடுவே நாளெல்லாம் நிற்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் வேண்டாமா?

2020-ஆம் வருஷத்தை எண்ணிப் பாருங்கள். கொரோனா ஊரெல்லாம் பரவிய சமயம். நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மே 7-ஆம் தேதி ஒரு கொதிகலன் விபத்து. ஜூலை 1-ஆம் தேதி மற்றொன்று. ஜூலை விபத்தில் அன்றைய தினமே ஆறு பேர் மாண்டனர். சிகிச்சை பெற்றும் பிழைக்காதவர்கள் இன்னும் சிலர். தீக்காயத்துக்கு மருந்திட்ட கைகளை நாம் போற்றுகிறோம். அந்தக் கைக்கு உரியவர் வீடு திரும்பி அன்றிரவு எப்படித் தூங்கினார் என்று யாராவது கேட்டோமா?

'சதி' செய்வோம்!

இத்தகையவர்களுக்கு இப்போது உலகெங்கும் சொல்லித் தரப்படும் பயிற்சிக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர். கவன விழிப்பு என்று சொல்லலாம். புத்தர் காலத்துப் பாலி மொழியில் இதற்குச் 'சதி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள பொருளை நினைத்துப் பயந்துவிடாதீர்கள்! இந்தச் சதியினால் யாருக்கும் கெடுதல் இல்லை.

கீழ்நாட்டுச் சரக்கை மேல்நாட்டு ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனவர் ஜான் கபாட்-ஸின் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1979-இல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரே ஓர் உலர்ந்த திராட்சையை உற்றுப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று தின்பது! பாயசத்தில் மிதக்கும் திராட்சையை என்றைக்காவது நாம் அப்படிச் சாப்பிட்டிருக்கிறோமா?

நோயாளிக்குக் கிடைத்த மருந்து பிறகு வைத்தியருக்கும் வந்தது. அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரத்து டாக்டர்கள் எழுபது பேர் இப்பயிற்சி பெற்றார்கள். அவர்களுடைய மனச்சோர்வு குறைந்தது, நோயாளியிடம் பரிவு கூடியது என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறியது. பயிற்சி பெறாத டாக்டர்களோடு அதில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரம் எங்கே?

"மூச்சு விடவே நேரமில்லை, தியானம் வேறா?" என்று எந்த நர்ஸும் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகுமுன் கை கழுவியே ஆக வேண்டும். சோப்பும் தண்ணீருமாகக் கழுவ நாற்பது முதல் அறுபது விநாடி வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அந்த ஒரு நிமிஷம் போதும். தண்ணீரின் குளுமையைக் கவனியுங்கள். இறுகிய தோளைத் தளர்த்தி, மூன்று மூச்சை அது போகிற போக்கில் பாருங்கள். மனம் பழைய கட்டிலுக்கே ஓடினால் திட்ட வேண்டாம். மெல்லத் திருப்பி அழைத்து வாருங்கள். முந்தைய கட்டிலின் துக்கத்தைச் சுமந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகாமலிருக்க இது ஒரு வழி.

பத்து நாள் போதுமா?

மாணவர்களின் நிலைமை என்ன? நெய்வேலிக்குத் தென்கிழக்கே, அண்ணாமலை நகரில், 1985-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக நடக்கிறது. அங்கே மட்டுமல்ல, நாடெங்கும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் மனநலத்தை ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. அதன் 2024-ஆம் வருஷத்து அறிக்கை நெஞ்சைச் சுடுகிறது. பதிலளித்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவிகிதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு உண்டு என்றார்கள்!

யோகாவுக்கென்று வருஷத்தில் பத்து நாள் ஒதுக்கும்படி ஆணையம் முன்பே சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வருஷத்துக்குப் பத்து நாள் மட்டும் நீர் இறைத்தால் சுரங்கம் தாங்குமா? தினமும் அல்லவா இறைக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. முப்பத்தாறு மணி நேரம் விழித்திருந்த இளம் டாக்டரிடம், "மூச்சைக் கவனி, தம்பி!" என்று சொல்வது பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு கொடுப்பது போல. பயிற்சி டாக்டருக்கு வாரத்தில் 74 மணிக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும், தினமும் ஏழெட்டு மணித் தூக்கம் வேண்டும் என்று அதே குழு பரிந்துரைத்தது. தியானம் தூக்கத்துக்குப் பதிலாகாது. ஆள் பற்றாக்குறையையும் அது தீர்க்காது. வாழ்வே வெறுத்துப்போகிற அளவுக்கு மனம் நொந்தவர் தனியே உட்கார்ந்து கண்ணை மூடுவதைவிட, கூச்சப்படாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ராத்திரி டியூட்டி முடிந்து வரும் அம்மாவோ அண்ணனோ வாசல் திண்ணையில் பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், "என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று குடையாதீர்கள். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். அவர்கள் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்!