மணவறையில் அப்பா இல்லாதபோது

நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களில் 'அமரர்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். 'அமரர் இன்னார், திருமதி இன்னார் தம்பதியரின் புதல்வி' என்று அச்சிடுகிறோம். இறந்தவருக்கு அழைப்பிதழில் இடம் கிடைத்துவிடுகிறது. கல்யாணத்தன்று அவரை எப்படி நினைவுகூர்வது என்பதில்தான் குடும்பத்துக்குள் பேச்சு வளர்கிறது. "சுப காரியத்தில் செத்தவங்க பேச்சு எதுக்கு?" என்று யாராவது ஒருவர் கேட்பார்.

ஆனால் தோட்டத்துக் குடும்பங்கள் அப்படி ஒதுக்கியதில்லை. பந்தக்கால் நடுவதற்கு முன்போ நலுங்குக்கு முன்போ வாழையிலை விரித்துப் பெரியவர்களுக்குப் படைப்பது பழைய வழக்கம். புது வேட்டி, சேலை, வெற்றிலை பாக்கு, அவர்கள் விரும்பிச் சாப்பிட்ட பதார்த்தங்கள் எல்லாம் இலையில் இருக்கும். தாத்தாவுக்குச் சுருட்டும் ஒரு டின் ஸ்டவுட்டும் வைக்கும் வீடுகள் உண்டு. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினர்களும் உண்டு.

வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து வந்தவர்களின் வழியில் பூவாடைக்காரி வழிபாடு இருக்கிறது. சுமங்கலியாக இறந்த குடும்பத்துப் பெண்ணை நீர்நிலையிலிருந்து குடத்தில் அழைத்து வந்து, பூவும் சேலையும் வைத்துக் கும்பிட்ட பிறகே கல்யாண வேலை தொடங்கும். ஆக, இறந்தவர்களைக் கூப்பிடுவது நமக்குப் புதிதல்ல. மேடை அலங்காரத்தோடு அதைச் சேர்ப்பதுதான் புதிது.

படம் வைப்பதை எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் பாட்டி, தாத்தாவின் ஒரே படம் அடையாளக் கார்டில் இருந்ததுதான். 1948இல் அவசரகாலத்தில் அடையாளக் கார்டு வந்தபோது, பிடித்த முகத்தோடு முதன்முறையாகக் கேமரா முன் நின்ற பால்மரத் தொழிலாளர்கள் ஏராளம். இறப்பைப் பதியும்போது அந்தக் கார்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் பெரியவர்கள் இருக்கும்போதே நல்ல படம் ஒன்று எடுத்து வைப்பது நல்லது.

கோயிலுக்குள் இறந்தவர் படம் வைப்பது வழக்கமில்லை. அங்கே முகூர்த்தம் என்றால், மணமகள் வீட்டிலேயே படத்தின் முன் விளக்கேற்றி விழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மண்டபம் என்றால் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிறு மேசை போதும். உயிரோடு இருப்பவர்களின் படத்தை அதோடு கலந்து வைக்கக் கூடாது. இதில் வயதானவர்கள் கோபித்துக்கொள்வது நியாயம்தான். விருந்தின் நடுவே விளக்கை அணைத்து அப்பாவின் படங்களைத் திரையில் ஓட்டுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முந்நூறு பேர் முன்னால் அழ எல்லா மணமகளுக்கும் விருப்பம் இருக்காது.

பார்வைக்குத் தெரியாத வழிகள் இதைவிட ஆழமானவை. இற்றுப்போன அம்மாவின் கூறைச் சேலையில் சரிகைக் கரையை மட்டும் வெட்டி ரவிக்கைக் கையில் தைக்கலாம். பாட்டியின் பழைய நகையை உருக்கித் தாலிப் பொன்னோடு சேர்க்கும் குடும்பங்கள் உண்டு, கூடவே கூடாது என்பவர்களும் உண்டு. பத்தரிடம் போவதற்கு முன் இரு வீட்டாரும் பேசிவிட வேண்டும். தாய்மாமன் இறந்திருந்தால் அவர் மகன் சீர்த்தட்டு தூக்கி வருவதும் அவரை நினைப்பதே.

இவ்வளவு செய்யும் குடும்பமும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அப்பாவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அம்மாவை 'விதவை' என்று பின்வரிசையில் உட்கார வைப்பது. தாரை வார்க்கத் தம்பதியாக நிற்க வேண்டும் என்று பெரியப்பா பெரியம்மாவையோ சித்தப்பா சித்தியையோ கூப்பிடுவார்கள். சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 21 வயது நிறையாதவர் திருமணத்தைப் பதியத் தந்தையின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தந்தை இறந்திருந்தால் அந்த உரிமை தாய்க்கு என்கிறது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். கையெழுத்துப் போடத் தகுதியுள்ள அம்மா, மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகிறார்?

இன்று சில வீடுகளில் அம்மாவே தனியாக நின்று தாரை வார்க்கிறார். இதை முகூர்த்த நேரத்தில் குருக்களிடம் கேட்டால் மேடையிலேயே வாக்குவாதம் வரும். தேதி குறிக்கப் போகும்போதே பேசிவிடலாம். அம்மாவிடமும் கேட்க வேண்டும், சிலருக்கு அவர்களுக்கே தயக்கம் இருக்கும். அப்படியானால் மேடைக்கு நேர் எதிரே முதல் நாற்காலியை அவருக்கு ஒதுக்கி, ஆசீர்வாதத்துக்குத் தாலித் தட்டைக் கொண்டு வருபவர் முதலில் அவரிடம் போகட்டும்.