மலைச் சைக்கிள் வாங்கும் முன் தேர்வாய் கண்டிகை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கவரைப்பேட்டையில் தேசிய நெடுஞ்சாலையை விட்டு சத்தியவேடு சாலையில் திரும்பிப் போனால் தேர்வாய் கண்டிகை சிப்காட் வரும். மிச்செலின் டயர் ஆலை, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம், ஆந்திர எல்லையோரக் குன்றுகள், நடுவே செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் தடங்கள். மலைச் சைக்கிள் பழக இதைவிடத் தோதான மண் சென்னைக்கு வடக்கே அதிகமில்லை. ஆலை வேலைக்கு வந்த இளைஞர்களும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் கியர் சைக்கிள் வாங்குவது நல்ல செய்திதான். ஆனால் கடையில் என்ன விற்கிறார்கள், எந்த நிலத்தில் ஓட்டலாம், அடிபட்டால் யாரிடம் கேட்பது என்ற மூன்றையும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் கடை. தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், பளபளக்கும் டிஸ்க் பிரேக், விலை பத்தாயிரத்தைச் சுற்றி. “மலையே ஏறலாம் தம்பி” என்று சொல்லித்தான் விற்பார்கள். அதே சைக்கிளின் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். தாவல், சாகசம், போட்டி ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். சில கையேடுகளில் பயன்பாட்டு வகை எண்ணும் இருக்கும். அமெரிக்கத் தர அமைப்பின் வகைப்பாட்டில் 2 என்றால் தார்ச்சாலையும் சரளைப் பாதையும் மட்டும். கரடுமுரடான தடத்துக்கு 3 வேண்டும். தோற்றத்தில் மட்டும் மலைச் சைக்கிளாக இருக்கும் வண்டியை உண்மையான மலைச் சைக்கிள் என்று நம்பி ஏரிக்கரைச் சரிவில் இறங்குவதுதான் இங்கே முதல் ஆபத்து.

மலிவு வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்கை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்ச்சியை அடக்கும் எண்ணெய் அமைப்பு அதில் இருக்காது, வெறும் சுருள்தான். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கும், எடையையும் கூட்டும். செம்மண் தூசி புகுந்தால் அதன் மூட்டுகள் சீக்கிரம் ஆட்டம் காணும். அதே பணத்தில் பின்னால் ஸ்பிரிங் இல்லாத அலாய் பிரேம் வண்டியை எடுங்கள். முன் ஷாக் கூட இல்லாமல் நல்ல பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

பிரேக்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1976-இல் கலிபோர்னியாவின் ஒரு மலைச்சரிவில் பழைய சைக்கிள்களை வைத்துப் பந்தயம் நடத்தினார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். ‘ரீபேக்’ என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். புதியவர்களுக்குக் கம்பி வடம் உள்ள டிஸ்க் பிரேக் போதும். அதை உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். எண்ணெயால் இயங்கும் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பழுதானால் அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும்.

அளவு பார்க்க வண்டியின் மேல் கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள். கம்பிக்கும் உடலுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு 29 இஞ்ச் சக்கரத்தைவிட 27.5 வசதியாக இருக்கும். டயர் அகலம் 2 இஞ்ச் அளவில் இருக்கட்டும். இந்தப் பக்கத்துச் சீமைக் கருவேல முள் எந்த டயரையும் துளைக்கும் என்பதால் உபரி டியூபும் கைப்பம்பும் கூடவே வேண்டும். லாரி பஞ்சர் கடைக் காற்றுக்குழாயைச் சட்டென்று சொருகிவிடாதீர்கள். லாரி டயருக்கான அழுத்தம் சைக்கிள் டியூபை நொடியில் வெடிக்க வைக்கும். சரளைத் தடத்துக்கு 30 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில் தராமலிருப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று கடையில் எழுதி வைத்திருக்கலாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி தவறுதான். கடைக்காரர் மலைத்தடத்துக்கு ஏற்றது என்றால், அதைப் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கும் வண்டி பாதி பூட்டிய நிலையில் வரும், முன்சக்கரக் கவையை (ஃபோர்க்) திருப்பி மாட்டி விழுந்தவர்கள் உண்டு. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டுங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் தமிழிலும் பேசும். அதில் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது நிலம். மேய்ச்சல் நிலமும் காடும் சிப்காட்டுக்குப் போனதை எதிர்த்து நெடுநாள் போராடியவர்கள் தேர்வாய் கண்டிகை மக்கள். 2012-இல் அவர்களது புகார், பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரான்ஸ் அரசின் தொடர்பு மையம் வரை போனது. மிச்சமிருக்கும் தடங்களில் இன்றும் ஆடுமாடுகள் நடக்கின்றன. அங்கே நாம் விருந்தாளிகள், மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள். நீர்த்தேக்கக் கரை நீர்வளத் துறையின் சொத்து, அனுமதி கேட்காமல் ஏறக்கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தடா அருவி, நாகலாபுரம் பக்கம் போனால் எல்லை தாண்டிவிடுவீர்கள், அங்கே ஆந்திர வனத்துறையின் அனுமதி வேண்டும். தமிழக வனத்துறையிடம் நடைபயணத்துக்கு வாங்கிய சீட்டு அங்கே செல்லாது. 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் ஏன் இறுகின என்று யோசித்துப் பார்த்தால், இந்த அனுமதிகள் வெறும் தொல்லையாகத் தெரியாது.

உண்மையான பயம் எனக்குக் குன்றில் இல்லை, குன்றுக்குப் போகும் சாலையில்தான். டிரெய்லர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போவதில்லை, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடுக்கில் நிற்கும் சைக்கிளை ஓட்டுநரால் பார்க்க முடியாது. திருப்பத்தில் லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள், அதன் பின்னாலேயே நில்லுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிருங்கள். மார்கழிப் பனியில் பின்விளக்கு எரியாமல் கிளம்பாதீர்கள். தலைக்கவசத்தில் இ.என். 1078 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மோதிவிட்டால் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஓர் உச்சவரம்பு வரை அரசு ஏற்கும். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இது உண்டு. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்து, ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேளுங்கள். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழியிருக்கிறது. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். மனுவை வருவாய்த் துறையிடம் தர வேண்டும்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ சைக்கிளில் அடிபட்டால், விபத்து நடந்த நேரமும் இடமும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், அதுவும் வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-இல் சேர்ந்த 51-இ பிரிவு அதைச் சொன்னது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோரத்தில் சைக்கிள் போக இடம், சிப்காட் திருப்பங்களில் விளக்கு என்பவற்றைத் தனியாளாகக் கேட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதியலாம். ஊராகக் கேட்பதென்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். அங்கே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நெடுஞ்சாலைத் துறைக்கும் சிப்காட் நிர்வாகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.