ஐந்து கைகள்... 162 ஆட்டங்கள்!

உங்கள் பள்ளி கிரிக்கெட் அணியில் மிக வேகமாகப் பந்து வீசும் அண்ணா ஒருவர் இருக்கிறார். இறுதிப் போட்டி நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சி ஆசிரியர், "இந்த ஆண்டு நீ வீசியது போதும். இனி உட்கார்ந்து வேடிக்கை பார்!" என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு ஒரு பெரிய பேஸ்பால் அணி இதைத்தான் செய்தது. அந்த வீரருக்கு அப்போது காயம் எதுவும் இல்லை. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இது கோபத்தில் எடுத்த முடிவும் அல்ல. ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டு எடுத்த முடிவு!

ஏன் அப்படிச் செய்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள, பேஸ்பால் அணிகள் தங்கள் பந்து வீச்சாளர்களை எப்படித் திட்டமிடுகின்றன என்று முதலில் பார்ப்போமா?

கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்!

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டிக்கு 'மேஜர் லீக்' என்று பெயர். இதில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். வசந்த காலத்தில் தொடங்கி, செப்டம்பர் கடைசி வரை சுமார் ஆறு மாதங்களுக்குள் அத்தனையும் முடிய வேண்டும். அதாவது, ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம். அடேங்கப்பா!

பேஸ்பாலில் பந்து வீசுபவரைப் 'பிட்சர்' என்பார்கள். கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் வேறொருவர் வீசுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே தொடர்ந்து வீசிக்கொண்டிருப்பார்.

ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ் உண்டு. மட்டை பிடிக்கும் அணியில் மூன்று பேர் 'அவுட்' ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடிந்துவிடும். தொடக்கப் பிட்சர் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வீசி முடிக்கும்போது, சுமார் 100 பந்துகள் வீசியிருப்பார். அதன் பிறகு மாற்றுப் பிட்சர்கள் வந்து மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

100 பந்துகள் என்றால் கிரிக்கெட் கணக்கில் 16 ஓவருக்கும் மேல்! அதுவும் பிட்சர் ஓடி வந்து வீசுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே கையைச் சாட்டை போலச் சுழற்றி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறார். தோளும் முழங்கையும் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாளே மறுபடியும் அப்படி வீசினால் கை தாங்காது.

அதனால்தான் ஒவ்வோர் அணியும் வழக்கமாக ஐந்து தொடக்கப் பிட்சர்களை வைத்துக்கொள்கிறது. முதல் ஆட்டத்தை முதலாமவர் தொடங்குவார், அடுத்த ஆட்டத்தை இரண்டாமவர். இப்படியே ஐந்து பேரும் வீசி முடித்த பிறகு மறுபடியும் முதலாமவர் வருவார். அவருக்கு இடையில் குறைந்தது நான்கு நாள் ஓய்வு. இந்த முறைக்கு 'ரொட்டேஷன்', அதாவது சுழற்சி முறை என்று பெயர்.

இப்போது 162-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். 32 வரும், மீதி 2. ஆக, ஒரு பிட்சருக்கு 32 அல்லது 33 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 6 இன்னிங்ஸ் என்றால், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 இன்னிங்ஸ்.

இந்த 200 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

அந்தக் காலத்தில்...

முன்பெல்லாம் இவ்வளவு ஓய்வு கிடையாது. 1884-ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் அணிக்காக ஆடிய சார்லஸ் ராட்போர்ன் என்ற பிட்சர், ஒரே ஆண்டில் 670 இன்னிங்ஸுக்கும் மேல் வீசினார்! அணியின் இன்னொரு முக்கியப் பிட்சர் பாதியில் விலகிவிட்டதால், அதன் பிறகு பெரும்பாலான ஆட்டங்களை அவரே வீச வேண்டியிருந்தது.

பின்னர் நான்கு பேர் சுழற்சி வந்தது. 1970-களில் ஐந்து பேர் சுழற்சி பரவத் தொடங்கியது. ஜப்பானில் ஆறு பேர் சுழற்சிதான் வழக்கம். அங்கே ஒரு தொடக்கப் பிட்சர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் வீசுவார்.

புயலாக வந்த இளைஞர்

இனி நம் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் தலைநகரில் 'வாஷிங்டன் நேஷனல்ஸ்' என்ற அணி இருக்கிறது. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2009-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், அந்த அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க்.

2010 ஜூன் 8-ஆம் தேதி அவர் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் இறங்கினார். அவருடைய பந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. மூன்று முறை பந்தைத் தவறவிட்டால் மட்டை பிடிப்பவர் அவுட். அன்று பிட்ஸ்பர்க் அணியினர் 14 முறை அப்படி அவுட் ஆகித் திரும்பினார்கள்!

ஆனால், அந்த மகிழ்ச்சி மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. ஆகஸ்டு மாதம் பந்து வீசிக்கொண்டிருந்தபோது அவருடைய முழங்கையில் வலி ஏற்பட்டது. எலும்புகளை இணைத்துப் பிடித்திருக்கும் தசைநார் கிழிந்துவிட்டதாக மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதற்குச் செய்யும் சிகிச்சைக்கு 'டாமி ஜான் அறுவை சிகிச்சை' என்று பெயர். உடம்பின் வேறோர் இடத்திலிருந்து நாரை எடுத்து, கிழிந்த நாருக்குப் பதிலாக முழங்கையில் பொருத்துவார்கள். ஸ்டிராஸ்பர்க்குக்கு 2010 செப்டம்பரில் இந்தச் சிகிச்சை நடந்தது. ஒரு வருடம் கழித்து, 2011 செப்டம்பரில்தான் அவரால் திரும்பி வர முடிந்தது.

குளிர்காலக் கணக்கு

பேஸ்பாலில் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தைக் குளிர்காலத்தில்தான் போடுவார்கள். 2011-ஆம் ஆண்டு நேஷனல்ஸ் அணி 80 ஆட்டங்களில் வென்று, தன் பிரிவில் மூன்றாவதாக வந்திருந்தது. அடுத்த ஆண்டு முன்னேற வேண்டும். அணியின் பொது மேலாளர் மைக் ரிஸோ ஐந்து இடங்களையும் நிரப்பத் தொடங்கினார்.

முதல் இடம் ஸ்டிராஸ்பர்க்குக்கு.

இரண்டாவது இடத்துக்கு, 2011 டிசம்பரில் ஓக்லாண்ட் அணியிடமிருந்து ஜியோ கான்சாலெஸ் வந்தார். இடது கைப் பிட்சர். அவருக்கு மாற்றாக நான்கு இளம் வீரர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது இடம் ஜோர்டன் ஸிம்மர்மனுக்கு. ஏற்கெனவே அணியில் இருந்தவர்.

நான்காவது, எட்வின் ஜாக்சன். 2012 பிப்ரவரியில், ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் 1 கோடியே 10 லட்சம் டாலர் சம்பளத்தில் சேர்ந்தார்.

ஐந்தாவது, ராஸ் டெட்வைலர். இவரும் இடது கைக்காரர்.

பாவம், ஜான் லானன்! 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணியின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். இப்போது ஐந்து பேரில் அவருக்கு இடமில்லை. சிராக்யூஸ் நகரிலிருந்த கிளை அணிக்கு அனுப்பப்பட்டார்.

சரி, ஐந்து பேரும் கிடைத்துவிட்டார்கள். ஆனால், ஒரு சிக்கல். சிகிச்சை முடிந்து வந்த ஸ்டிராஸ்பர்க்கின் கை 200 இன்னிங்ஸ் தாங்குமா?

வேண்டாம் என்று முடிவு செய்தார் ரிஸோ. சுமார் 160 இன்னிங்ஸ் வீசியதும் நிறுத்திவிடுவது என்பது திட்டம். இதற்கு ஓர் உதாரணமும் அவரிடம் இருந்தது. ஸிம்மர்மனுக்கும் 2009-இல் இதே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவரையும் 2011-இல் 161 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். 2012-இல் அவர் நலமாக 195 இன்னிங்ஸ் வீசினார்.

160-ஐ 6-ஆல் வகுத்தால் 26 அல்லது 27 ஆட்டங்கள். அதாவது, ஆண்டின் கடைசி மாதத்தில் ஸ்டிராஸ்பர்க் இருக்க மாட்டார். அது தெரிந்தேதான் தொடங்கினார்கள்.

யாரும் எதிர்பாராதது

2012 தொடங்கியது. நேஷனல்ஸ் அணி வெற்றி மேல் வெற்றி பெற்றது! ஆகஸ்டு வந்தபோது அது லீக்கின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றாக இருந்தது. வாஷிங்டன் நகர அணி ஒன்று கடைசியாக இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆடியது 1933-இல்! நகரமே பரபரப்பாகிவிட்டது.

ஸ்டிராஸ்பர்க்கின் இன்னிங்ஸ் கணக்கோ 160-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. "இப்போது போய் நிறுத்தலாமா?" என்று ரசிகர்களும் விமர்சகர்களும் கேட்டார்கள். "ஏப்ரலில் தாமதமாகத் தொடங்கச் செய்திருக்கலாமே! நடுவில் ஓய்வு கொடுத்து அக்டோபருக்கு மிச்சம் பிடித்திருக்கலாமே!" என்றார்கள் சிலர். சிகிச்சை முடிந்து வந்த கைக்கு, விட்டு விட்டு வீசுவதைவிட ஒரே சீராக வீசுவதுதான் நல்லது என்பது ரிஸோவின் பதில்.

செப்டம்பர் 7-ஆம் தேதி ஸ்டிராஸ்பர்க் கடைசியாக வீசினார். மொத்தம் 28 ஆட்டங்கள், 159 இன்னிங்ஸ், 15 வெற்றிகள். மறுநாளே அவர் நிறுத்தப்பட்டார். இந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். சுழற்சியில் அவருடைய இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? கிளை அணிக்கு அனுப்பப்பட்ட அதே ஜான் லானன்!

அந்த ஆண்டு நேஷனல்ஸ் 98 ஆட்டங்களில் வென்றது. அதுதான் அந்த ஆண்டில் மிக அதிகம். ஆனால், இறுதிக்கட்டத்தின் முதல் சுற்றில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் 3-2 என்று தோற்றுவிட்டது. கடைசி ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலையில் இருந்தும், 9-7 என்று தோல்வி!

"ஸ்டிராஸ்பர்க் இருந்திருந்தால்..." என்று பலரும் வருந்தினார்கள். ஆனால், இன்னொரு விஷயமும் உண்டு. ஐந்தாவது இடத்தில் இருந்த டெட்வைலர்தான் அந்தச் சுற்றின் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கினார். 6 இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் நேஷனல்ஸ் வென்றது!

பக்கத்து அணியின் திட்டம்

இதே 2012-இல், இதே பிரிவில் இருந்த அட்லாண்டா பிரேவ்ஸ் அணியிலும் ஒரு பிட்சர் இருந்தார். பெயர் கிரிஸ் மெட்லன். அவருக்கும் 2010-இல் இதே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அட்லாண்டா அணியோ தலைகீழாகத் திட்டமிட்டது. முதல் நான்கு மாதம் அவரை மாற்றுப் பிட்சராகக் கொஞ்சம் கொஞ்சமாக வீச வைத்தது. ஜூலை கடைசியில்தான் தொடக்கப் பிட்சராக்கியது. அவர் 10 வெற்றி, ஒரே தோல்வி என்று அசத்தினார்!

இறுதிக்கட்டத்தில் அவர்தான் வீசினார். ஆனால், அட்லாண்டா அணியும் அதே கார்டினல்ஸிடம் தோற்று வெளியேறியது. 2014-இல் மெட்லனின் முழங்கைக்கு மீண்டும் அதே அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது.

ஸ்டிராஸ்பர்க் என்ன ஆனார்? 2019-இல் நேஷனல்ஸ் அணி முதல் முறையாக 'வேர்ல்ட் சீரிஸ்' கோப்பையை வென்றது. அந்தத் தொடரில் இரண்டு வெற்றிகள் பெற்று, சிறந்த வீரர் விருதை வாங்கியவர் அவரேதான்! ஆனால், அதன் பிறகு காயங்கள் அவரை விடவில்லை. 2020 முதல் 2022 வரை மொத்தமே 8 ஆட்டங்கள்தான் அவரால் தொடங்க முடிந்தது. 2024-இல் ஓய்வு பெற்றார்.

ஆக, ரிஸோ செய்தது சரியா, தவறா? இன்றும் ரசிகர்கள் இதைப் பற்றி வாதிடுகிறார்கள். நிறுத்தாமல் விட்டிருந்தால் 2012-இலேயே கோப்பை கிடைத்திருக்கலாம். அல்லது கை மறுபடியும் போயிருக்கலாம். நடக்காத ஒன்றை யாரால் நிரூபிக்க முடியும்? ஆனால் ஒன்று. வெற்றியின் பரபரப்பு தொடங்குவதற்கு முன்பே, 23 வயது இளைஞர் ஒருவரின் கை எவ்வளவு தாங்கும் என்று நிதானமாக உட்கார்ந்து யோசித்திருந்தார்கள். எல்லோரும் 'வீசட்டும், வீசட்டும்' என்று சொன்னபோதும் அதை மாற்றவில்லை.

உங்கள் வயதுக்கும் கணக்கு உண்டு!

அமெரிக்காவில் சிறுவர்கள் ஆடும் 'லிட்டில் லீக்' போட்டிகளில், ஒரு நாளில் இத்தனை பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்று விதியே இருக்கிறது.

7, 8 வயது - 50 பந்துகள்
9, 10 வயது - 75 பந்துகள்
11, 12 வயது - 85 பந்துகள்
13, 14 வயது - 95 பந்துகள்

அது மட்டுமல்ல. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே நாளில் 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால், நான்கு நாள் கட்டாய ஓய்வு! 'எனக்குக் கை வலிக்கவில்லை' என்று சொன்னாலும் நடுவர் விடமாட்டார்.

நீங்களும் கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுகிறவரா? தோளோ முழங்கையோ வலித்தால் மறைக்காதீர்கள். உடனே அம்மா, அப்பாவிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

மூளைக்கு வேலை

1. 12 வயதுச் சிறுவன் ஒருவன் செவ்வாய்க்கிழமை 70 பந்துகள் வீசினான். லிட்டில் லீக் விதிப்படி அவன் அடுத்து எந்தக் கிழமை வீசலாம்?

2. 162 ஆட்டங்களுக்கு ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் சுழற்சி வைத்தால், ஒருவருக்கு எத்தனை ஆட்டங்கள் வரும்?

விடை: 1. ஞாயிற்றுக்கிழமை. 2. ஆளுக்கு 27 ஆட்டங்கள். (ஸ்டிராஸ்பர்க்குக்குப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்!)