நின்ற படகு எல்லை தாண்டுமா?

தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு ஒன்று, இரவு 9 மணிக்கு நடுக்கடலில் இன்ஜினை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வலையை விரித்து மிதக்க விட்டாயிற்று. நங்கூரம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்கிறார்கள். விடிகாலை 4 மணிக்கு எழுந்து பார்த்தால், வலையின் மிதவைகள் அதே தூரத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் அதே தண்ணீர். படகு நகரவே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால், ஜிபிஎஸ் கருவியோ 13 கிலோமீட்டர் தள்ளி வந்திருப்பதாகக் காட்டுகிறது!

எது சரி? இரண்டுமே சரிதான். தண்ணீரை வைத்துப் பார்த்தால் படகின் இடப்பெயர்ச்சி பூஜ்யம். கடலின் அடித்தரையை வைத்துப் பார்த்தால் 13 கி.மீ. நீரோட்டம் 1 நாட், அதாவது மணிக்கு 1.852 கி.மீ. வேகத்தில் ஓடினாலே 7 மணி நேரத்தில் இவ்வளவு தூரம் இழுத்துவிடும். படகும் வலையும் சேர்ந்தே போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்படி எதை வைத்து அளக்கிறோமோ, அதைத்தான் பள்ளிப் பாடத்தில் ‘குறிப்பாயம்’ என்கிறார்கள். சீராக ஓடும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவரால், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது என 1632-லேயே எழுதினார் கலிலியோ.

வேகமும் அப்படியே. தண்ணீரில் 8 நாட் வேகத்தில் போகும் படகு, 2 நாட் நீரோட்டத்தை எதிர்த்துப் போனால் ஜிபிஎஸ் 6 நாட் காட்டும். நீரோட்டத்தோடு போனால் 10 காட்டும். 24 கடல் மைலைக் கடக்க, எதிர்த்துப் போனால் 4 மணி நேரம். கூடப் போனால் 2 மணி 24 நிமிடம். இன்ஜின் உழைப்பு ஒன்றுதான். டீசல் செலவில்தான் எத்தனை வித்தியாசம்!

கரையோரத்தில் இந்தக் குழப்பம் குறைவு. மாதா கோயில் கோபுரமோ கலங்கரை விளக்கமோ தெரிந்தால், படகு விலகுவது உடனே புரிந்துவிடும். கரை மறைந்த பிறகுதான் சிக்கல்.

மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை, 1976-ல் ஒப்பந்தமானது. வரைபடத்தில் போட்ட அந்தக் கோடு தண்ணீரோடு நகராது. எல்லை தாண்டும் எல்லாப் படகுகளும் இப்படித்தான் தாண்டுகின்றன என்று சொல்ல முடியாது. ஆனால், இன்ஜினைத் தொடாமலே ஒரு படகு எல்லை தாண்டிவிட முடியும். ‘நாங்கள் நகரவே இல்லை’ என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல; ரோந்துக் கப்பலின் கணக்கும் பொய்யல்ல. ஆனால், சட்டம் பார்ப்பது வரைபடத்தைத்தான்.

அதனால், இன்ஜின் நின்றாலும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தபடி ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பதே பாதுகாப்பு. படகு உறங்கினாலும் கடல் உறங்குவதில்லை!