புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய செம்புக் காசு ஒன்று கிடைக்கிறது. கறுத்துப் போயிருக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கிறோம். காசு பளபளக்கிறது. ஆனால் அதன் மதிப்புப் போய்விடுகிறது!

செம்பின் மேல் படியும் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. அது காசுக்கு மேல்தோல். புளி அந்தத் தோலைத் தின்றுவிடும். அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போகும்.

வைகை மணலில் கிடைத்தவை

மதுரைக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. வைகை மணலில் ரோமாபுரிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சங்க காலப் பாண்டியரின் சதுரச் செம்புக் காசுகளும் உண்டு. ஒரு பக்கம் யானை. மறுபக்கம் கோடுகளால் வரைந்த மீன்.

அப்படிப்பட்ட ஒரு சதுரக் காசில் குதிரையும், அதன் மேலே "பெருவழுதி" என்ற பெயரும் இருந்தன. 1980-களில் அதைப் படித்து வெளியிட்டவர் "தினமலர்" ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. எழுத்து, பழைய தமிழ்ப் பிராமி. சங்கப் பாட்டில் வரும் பாண்டியர் பெயர் செம்பிலேயே கிடைத்துவிட்டது! கடுகு கடுகான எழுத்துகள்தான். யாராவது புளி போட்டிருந்தால்?

எங்கே பார்ப்பது?

காசில் மேடாக உள்ள இடம்தான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீடம், காது, மீசை தெளிவாகத் தெரிந்தால் நல்ல காசு. முகம் வழவழவென்று ஆகியிருந்தால் தேய்ந்த காசு.

இந்த ரூபாயில் ஒரு வேடிக்கையும் உண்டு. மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911-ம் ஆண்டு ரூபாயில் அதன் தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பதற்குப் பன்றிபோல இருந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. சர்க்கார் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912-ல் யானைக்கு நல்ல தும்பிக்கை வந்தது. தப்பிப் பிழைத்த 1911 ரூபாய்க்கு இன்றும் கிராக்கி!

தேய்மானம் வேறு, சேதம் வேறு

பல கை மாறித் தேய்ந்தால் குற்றம் இல்லை. மாலைக்காகத் துளை போடுவது, வளையம் பற்றவைப்பது, ஓரத்தை அரத்தால் ராவுவது, இவையெல்லாம் சேதம். காசு சேகரிப்பவர்கள் அப்படிப்பட்டதை விரும்புவதில்லை. (பாட்டியின் காசு மாலையைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதீர்கள்!)

சந்தேகம் வந்தால் தராசில் வையுங்கள். அந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். புத்தம் புதிதுபோல மின்னிக்கொண்டு எடையும் குறைந்தால் வாங்காதீர்கள்.

காசில் மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். காகித உறையில் தனித்தனியாக வையுங்கள்.

வயலில் உழும்போதோ வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதோ புதையல் கிடைத்தால் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம்.