வைவாவுக்கு எதிராக ஒரு தீர்ப்பு

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாமாண்டு படித்த மாணவி அவர். கெட்டிக்காரர், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வேண்டும் என்றாலே நடுங்கிவிடுவார். ஆய்வகச் சோதனை முடிந்ததும் ஆசிரியர்கள் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். நம் மாணவர்கள் ‘வைவா’ என்பார்களே, அதேதான். சிலவற்றில் திணறினார், சிலவற்றுக்குப் போகவே இல்லை. மதிப்பெண் சரிந்தது. அவர் தவிப்பது துறைக்கும் தெரிந்திருந்தது. 2018 ஏப்ரல் 30, பெரிய அரங்கில் அவர் பேச வேண்டிய நாள். அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 20.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பேசி விளக்குவதும் படிப்பின் ஒரு பகுதி, அதில் விலக்குத் தர முடியாது என்று வாதிட்டது பல்கலைக்கழகம். நீதிமன்றம் ஏற்கவில்லை. சோதிக்க வேண்டியது இயற்பியல் அறிவை. அதை எழுத்து மூலமாகவும் சோதிக்கலாமே என்றது. அப்படி மாற்று வழி தராதது சமத்துவச் சட்டத்தின்படி பாகுபாடு என்று 2022 மே மாதம் தீர்ப்பு வந்தது. 50,000 பவுண்டுக்கு மேல் இழப்பீடு. மேல்முறையீடும் 2024இல் தள்ளுபடியானது.

இதற்கிடையே பிரிஸ்டல் சும்மா இருக்கவில்லை. 2016 முதல் அடுத்தடுத்து மாணவர்கள் இறந்ததால், துறைகளுக்கு நலன் ஆலோசகர்களை நியமித்தது. விடுதி நிர்வாகத்தையும் மாற்றியது. பழகிய வார்டன்கள் போவதை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள் என்பது வேறு கதை. 18 வயது தாண்டியவரைப் பற்றி வீட்டுக்குச் சொல்லலாமா என்ற சிக்கலுக்கும் வழி கண்டது. நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடலாம் என்று சேரும்போதே கேட்டது. 100க்கு 90 பேருக்கு மேல் சம்மதம் தந்தார்கள். அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நண்பராகவும் இருக்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மாணவர்களின் மனநலம் காக்க 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும்; ஆசிரியர், ஊழியர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி வேண்டும்; மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி வகுப்பாகப் பிரிக்கக் கூடாது.

முதல் நிபந்தனை சுலபம். ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை, கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் ஆலோசகர் காது கொடுத்துக் கேட்கலாம்; அரியர் விதியையோ, அட்டெண்டன்ஸ் குறைந்தால் தேர்வெழுத விடாத விதியையோ அவரால் தளர்த்த முடியாது. அதெல்லாம் தேர்வுப் பிரிவின் கையில், கல்விக் குழுவின் கையில்.

அங்கே கை வைத்தவர்களும் உண்டு. செமஸ்டருக்கு இரண்டாக இருந்த இடைத்தேர்வுகளில் ஒன்றை 2023இல் டெல்லி ஐஐடி கைவிட்டது. நெருக்கடியில் இருப்பவர்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். விடுதியிலும் வகுப்பறையிலும் இத்தகைய உதவி எண்களைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத்தின் அந்த 15 வழிகாட்டுதல்களில் ஒன்று.