ஃபிஞ்ச் குருவி ஜோடி: நிறம் பார்க்குமுன் சேவலா, பெட்டையா பாருங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆடு வளர்ப்போரிடம் கிடா எது, பெட்டை எது என்று கேட்க வேண்டியதில்லை. நம் பக்கத்து வேம்பூர் ஆட்டில் கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. பத்து வயதுப் பையனும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். கூண்டுக் குருவி விஷயத்தில்தான் ஏமாந்து போகிறோம்.

அண்மையில் திருச்சுழிப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். உபவருமானத்துக்காக அவர் மகன் ஒரு ஜோடி வெள்ளை ஜீப்ரா ஃபிஞ்ச் வாங்கி வளர்க்கிறான். கலயத்தில் 9 முட்டைகள் இருந்தன. ஆறு மாதமாக முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. "வெயில் காரணமாக இருக்குமா, இல்லை போர்த் தண்ணீர் உப்பா, ஐயா?" என்று கேட்டார். முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலும் இரத்த நாளம் ஓடவில்லை, அத்தனையும் கூமுட்டை. குருவிகளின் அலகைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இரண்டுமே பெட்டை! ஒரு பெட்டை சாதாரணமாக 4 முதல் 6 முட்டை இடும். ஒரே கலயத்தில் எட்டு, ஒன்பது சேர்ந்தால் முதலில் இந்தச் சந்தேகம்தான் வர வேண்டும்.

இக்குருவியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை பெய்து புல் விதை பிடிக்கும் காலம் பார்த்துக் குஞ்சு பொரிக்கும் பறவை அது. ஆகவே நிழலும் நல்ல தண்ணீரும் இருந்தால் நம் சீமை அதற்கு ஒத்துவரும். தீனிக்குத் தினையும் குதிரைவாலியும் நம் காட்டிலேயே விளைகின்றன. சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு தொங்கவிட்டால் போதும்.

சாம்பல் நிறமே இதன் இயற்கை நிறம். அதில் சேவலை அறிவது எளிது. கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய வரிகள், மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் வெள்ளைப் புள்ளியிட்ட செம்பழுப்பு நிறம் ஆகிய நான்கும் சேவலுக்கே உரியவை. பெட்டைக்கு இவை இல்லை. கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்புக் கோடு இரண்டுக்கும் பொது என்பதால் அதை நம்ப வேண்டாம். குஞ்சுகள் எல்லாம் பெட்டையைப் போலத்தான் இருக்கும். அலகு கறுப்பாக இருக்கும். அலகு கறுப்பாயிருக்கும் வயதில் "ஜோடி" என்று எவர் தந்தாலும் வாங்கக் கூடாது. இரண்டு மாதம் கடந்து அலகு சிவந்து, இறகு மாறிய பின் பார்ப்பதே சரி.

வெள்ளைக் குருவியில் மேற்சொன்ன அடையாளங்கள் எல்லாம் மறைந்துவிடும். அங்கே அலகு ஒன்றுதான் வழி. சேவலின் அலகு பவளச் சிவப்பு. பெட்டையின் அலகு வெளிறிய ஆரஞ்சு. கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த வேற்றுமை தெரியாது. கூண்டை வாசலுக்குக் கொண்டுவரச் செய்து பகல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் ஐயம் இருந்தால் காதை நம்புங்கள். பாடுவது சேவல் மட்டுமே. பெட்டை வெறுமனே குரல் கொடுக்கும்.

வெள்ளை என்று விற்கப்படுவதில் இன்னொரு வகையும் கலந்து வரும். உடல் வெளுத்திருக்கும், ஆனால் சேவலின் கன்னத் திட்டும் விலா நிறமும் அழியாமல் இருக்கும். அதன் பெட்டையை வெள்ளை என்றே எண்ணிவிடுவோம். கண்ணுக்குக் கீழே மங்கலான கோடு தெரிகிறதா என்று பார்த்தால் பிடிபடும். கறுப்புக் கன்ன வகையில் தலைகீழ்ச் சங்கடம். அதில் பெட்டைக்கும் கன்னத்தில் கருமையான திட்டு வரும். கன்னத்தைப் பார்த்துச் சேவல் என்று முடிவு கட்டிவிடாமல் மார்புப் பட்டையையும் விலாவையும் பாருங்கள். கொண்டை வைத்த குருவிக்கு விலை அதிகம் கேட்பார்கள். வாங்கினால் ஒன்று மட்டும் வாங்கிக் கொண்டையில்லாத குருவியோடு சேர்க்கவும். கொண்டையோடு கொண்டை சேர்த்தால் சுமார் கால் பங்குக் கரு முட்டைக்குள்ளேயே மடியும்.

பழுப்பு நிறத்தில் ஒரு நன்மை உண்டு. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் குரோமோசோமைப் பொறுத்தது. பறவைகளில் அது தாயைப் பொறுத்தது. பழுப்பு நிறம் இந்தப் பால் குரோமோசோமோடு சேர்ந்தே செல்கிறது. ஆகவே பழுப்புச் சேவலையும் சாம்பல் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் பழுப்புக் குஞ்சு அத்தனையும் பெட்டை. சாம்பல் குஞ்சு அத்தனையும் சேவல். இறகு முளைத்த உடனே பிரித்துவிடலாம். பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளில் ஒரு நாள் குஞ்சை நிறம் பார்த்துப் பிரிப்பதும் இதே தத்துவம்தான். இதை மாற்றிச் சேர்த்தால், அதாவது சாம்பல் சேவலும் பழுப்புப் பெட்டையும் என்றால், இந்தப் பயன் கிட்டாது. மேலும், பெட்டை இந்த நிறத்தை மறைத்து வைத்திருக்க முடியாது. இருந்தால் வெளியே தெரியும். "இந்தச் சாம்பல் பெட்டைக்குள் பிரவுன் இருக்கிறது" என்று சொல்லி ஒருவர் கூடுதல் விலை கேட்டால், அது அறியாமை அல்லது பொய்.

பெங்காலி ஃபிஞ்சில் நிறம் எதுவானாலும் சேவலும் பெட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். பாட்டைக் கேட்டுப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பச்சை, ரோஸ், நீலம் என்று கூண்டு நிறையக் குருவி கொண்டு வருவோரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜீப்ரா ஃபிஞ்சில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அவை பெரும்பாலும் சாயம் பூசிய சில்லைகள். தடித்த சாம்பல் நிற அலகே காட்டிக்கொடுத்துவிடும். இறகை ஊதிப் பார்த்தால் அடியில் பழைய நிறம் தெரியும். அடுத்த இறகுதிர்ப்பில் சாயமும் போய்விடும். சில்லைகள் நம் தினைக்காட்டில் இறங்கும் அதே குருவிகள்தாம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அவற்றால் சேதம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பரண் போட்டு விரட்டலாம். ஆனால் வலை வைத்துப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்கியவரும் தப்ப முடியாது. வெளிநாட்டுப் பறவையே ஆனாலும் ஜாவா சிட்டு வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜீப்ரா ஃபிஞ்சுக்கு அந்தத் தேவை இல்லை.

அந்த விவசாயியின் வீட்டில் ஒரு பெட்டையை மட்டும் தனிக் கூண்டுக்கு மாற்றி, மற்றதற்கு ஒரு சாம்பல் சேவலைச் சேர்க்கச் சொன்னேன். அடை காக்கும் காலம் சுமார் இரண்டு வாரம். ஐந்து முட்டையில் நான்கு பொரித்தன. இறகு வந்தபோது நான்கும் சாம்பல். பையனுக்கு முகம் வாடிவிட்டது. வெள்ளை நிறம் ஒரு தலைமுறை உள்ளே மறைந்திருக்கும் என்று விளக்கினேன். இக்குஞ்சுகளில் ஒரு சேவலை வளர்த்து, தனியே வைத்துள்ள அந்த இரண்டாவது வெள்ளைப் பெட்டையோடு சேர்த்தால், சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் வெள்ளையாக வரும்.